முதல் சுற்றில விழுத்திப்போட்டா சம்பியனோ?

2025 ஓகஸ்ட் 16 இரவு ரியாத்தில் மோசஸ் இட்டாவ்மா, டில்லியன் வைட்டை முதலாம் சுற்றிலேயே விழுத்தினார். ஒரு நிமிசம் 59 செக்கன். அதுக்குப் பிறகு எங்கட ஆக்களுக்குள்ள ஒரே கதைதான்: "அடுத்த டைசன் வந்திட்டான்." முழுச் சண்டையைப் பார்த்தவையும் சொல்லிச்சினம், ஃபோனில வந்த இருபது செக்கன் துண்டைப் பார்த்தவையும் சொல்லிச்சினம்.

இட்டாவ்மா திறமைசாலி என்பதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கை வேகம், இடதுகைக்காரருக்குரிய கோணங்கள், அவசரப்படாத மனம் எல்லாம் இருக்கு. ஆனால் அண்டைக்கு அவருக்கு வயது 20. எதிரில நிண்ட வைட்டுக்கு 37. 2022 இல் டைசன் ஃபியூரியிடம் உலகப் பட்டத்துக்காகச் சண்டை பிடிச்சுத் தோற்ற வைட், 2025 இல் அந்த வைட் இல்லை. இந்த 119 செக்கனை வைச்சு ஒரு இளம் வீரரின்ர அடுத்த பதினைஞ்சு வருசத்தைச் சொல்லலாமோ?

சொல்ல ஏலாது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். பிறகு எதை வைச்சுச் சொல்லலாம் எண்டதை இந்தக் கட்டுரையில எழுதுறம். கடைசியில எங்கட வரிசையும் இருக்கு, அதோட சண்டைக்கு வர விரும்புற ஆக்கள் வரலாம். வன்னியைப் பற்றியும் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கு. "வருங்கால நட்சத்திரம்" எண்ட சொல்லை நாங்கள் எங்கட ஊர்ப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் அள்ளி அள்ளிக் குடுக்கிறம். பிறகு அதை மறந்தும் போறம்.

13–0 என்ன சொல்லுது?

முதலில ஹெவிவெயிட் எண்டா என்ன எண்டு தெளிவாக்குவம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 200 இறாத்தலுக்கு மேற்பட்ட, அதாவது ஏறத்தாழ 90.7 கிலோவுக்கு மேற்பட்ட எல்லாரும் இதுக்குள்ள வருவினம். மேல் எல்லை கிடையாது. மற்ற எடைப் பிரிவுகளில் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நிறையில நிப்பினம். இங்க ஒருத்தரை விட மற்றவர் இருபது கிலோ கூடவாகவும் இருக்கலாம். அதாலதான் ஒரு அடியில எல்லாம் தலைகீழாகுது, அதாலதான் உலகம் முழுக்க இந்தப் பிரிவைப் பார்க்குது.

அடுத்தது, வெற்றிக் கணக்கு எப்படி உருவாகுது எண்டது. பாடசாலைப் போட்டியில சீட்டு விழுந்த ஆளோடதான் மோத வேணும். தொழில்முறையில அப்பிடி இல்லை. எதிராளியைத் தெரிவு செய்யிறது ஏற்பாட்டாளர். வளர்ந்து வர்ற ஒருத்தருக்கு முதல் பத்துச் சண்டை பெரும்பாலும் வயது போன ஆக்களோட, மெதுவா அசையிற ஆக்களோட, இல்லாட்டி காயப்படாமல் தோற்கப் பழகின ஆக்களோடதான் நடக்கும். இதைக் களவு எண்டு சொல்லக்கூடாது. வாகனம் பழகிற பெடியனை முதல் நாளே ஏ9 வீதியில லொறிகளுக்கு நடுவில விடுறேல்லைத்தானே? அதே மாதிரிதான்.

ஆனா ஒழுங்கையில ஓடினதை வைச்சு "யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்பு வரைக்கும் நல்லா ஓடுவான்" எண்டு சொன்னால் அது பிழை. 13 சண்டை, 13 வெற்றி, அதில் 11 நொக்அவுட் என்பது வைட்டோடான சண்டை முடிய இட்டாவ்மாவின் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் அந்த நொக்அவுட்டுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு சுற்றுக்குள்ளயே முடிஞ்சவை. அண்டை வரைக்கும் ஆறு சுற்றுக்கு மேல அவர் போனதே இல்லை. உலகப் பட்டச் சண்டை 12 சுற்று, சுற்றுக்கு மூண்டு நிமிசம். ஆக, எல்லாரும் அவரை நிறுத்திப் பார்க்க விரும்புற மேடையின்ர இரண்டாம் பாதியை அவர் ஒருமுறை கூட மிதிக்கேல்லை.

நாங்கள் பார்க்கிற நாலு விசயம்

ஒண்டு: யாரை வெண்டவர்? எத்தனை பேரை எண்டதை விட இது முக்கியம். எதிராளியின்ர வயதையும், அவர் கடைசியா எப்ப நல்லாச் சண்டை பிடிச்சவர் எண்டதையும், எத்தனை நாள் அறிவித்தலில வந்தவர் எண்டதையும் பார்க்க வேணும்.

இரண்டு: எத்தனை சுற்று? களைச்ச பிறகு கை எங்க இருக்கு, கால் எப்பிடி அசையுது, மூச்சு எப்பிடி வருது? இதை முதல் சுற்றில பார்க்கவே ஏலாது.

மூண்டு: அடி வாங்கின பிறகு என்ன செய்யிறார்? இதுதான் எங்களுக்கு எல்லாத்திலும் பெரிசு. அடிக்கத் தெரிஞ்சவை ஆயிரம் பேர். அடிபட்டு, கண் இருண்டு, கூட்டம் எதிராளியின்ர பேரைக் கத்தேக்க அடுத்த மூண்டு நிமிசத்தை யோசிச்சுச் செய்யிறவை கொஞ்சப் பேர்தான்.

நாலு: பின்னுக்கு யார் நிக்கினம்? பயிற்றுவிப்பாளர், வீடு, காசு போடுற ஆள், வைத்தியர். ஒரு தோல்விக்குப் பிறகும் இவை அவரோட நிப்பினமோ? குறுங்காணொளியில் இந்த நாலாவது விசயம் வரவே வராது.

இந்த நாலையும் வைச்சு ஆக்களைப் பார்ப்பம்.

டைசனோட ஒப்பிடுறதெண்டால் ஒழுங்கா ஒப்பிடுவம்

மைக் டைசன் 1986 நவம்பர் 22 இல் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, 20 வயதும் நாலு மாதமுமாக இருக்கேக்க உலகச் சம்பியனானார். ஹெவிவெயிட்டில் அதை விட இளைய சம்பியன் வரேல்லை. இட்டாவ்மா அந்தச் சாதனையை உடைப்பார் எண்டு ஒரு காலம் எல்லாரும் எழுதிச்சினம். 2025 நடுப்பகுதியோட அந்தக் கணக்கு முடிஞ்சுது.

அது நல்லதுக்குத்தான் எண்டு எங்களுக்குப் படுது. டைசனின்ர கதையில ஆக்கள் மறந்துபோற ஒரு பகுதி இருக்கு. அவரின்ர முதல் தொழில்முறைச் சண்டை 1985 மார்ச்சில். பெர்பிக்கைச் சந்திக்க முதல் அவர் 27 சண்டை பிடிச்சவர். 1986 மே மாதத்தில் மட்டும் ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிறீன் எண்ட இரண்டு பேரோட முழுசாப் பத்துப் பத்துச் சுற்றுப் போனவர். அந்த இரண்டு பேரும் விழேல்லை. டில்லிஸ் நல்லாத் திருப்பி அடிச்சவர். நொக்அவுட் எடுக்க முடியாத இரவுகளில என்ன செய்யிறது எண்டதைப் பட்டத்துக்கு முதலே டைசன் பழகியிருந்தார். எங்கட யூரியூப் தொகுப்புகளில அந்த இருபது சுற்றும் இருக்காது, ஏனெண்டால் அதில ஆக்கள் பறந்து விழுகிறதில்லை.

இட்டாவ்மாவுக்குக் கிடைக்க வேண்டியதும் அதுதான்: ஒரு டில்லிஸ். விழ மறுக்கிற, அனுபவமுள்ள, எட்டாம் சுற்றிலும் ஜப் போடுற ஒருத்தர். அவரை வெல்லுற இரவு சலிப்பாத்தான் இருக்கும். "என்ன இது, ஒண்டும் நடக்கேல்லை" எண்டு ஆக்கள் எழுதுவினம். நாங்கள் அண்டைக்குத்தான் அவரைப் பற்றிப் பெரிசாக் கதைப்பம்.

அவருக்கு நாலாவது விசயம் நல்லா இருக்கு எண்டதையும் சொல்ல வேணும். 2022 இல் இளையோர் உலகச் சம்பியன். அண்ணன் கரோலும் குத்துச்சண்டை வீரர். பதின்ம வயதிலேயே பெரிய பெரிய ஹெவிவெயிட்காரரோட ஸ்பாரிங் செய்து வளர்ந்தவர்.

அண்டர்சன்: புகழ் முன்னுக்குப் போன கதை

இட்டாவ்மாவுக்கு முதல் இந்த நாற்காலியில இருந்தவர் அமெரிக்காவின் டொலீடோ நகரத்து ஜாரெட் அண்டர்சன். 17 சண்டை, 17 வெற்றி. "அமெரிக்க ஹெவிவெயிட்டின்ர எதிர்காலம்" எண்ட பட்டமும் சேர்ந்து வந்தது.

2023 யூலையில் முன்னாள் சம்பியன் சார்ல்ஸ் மார்ட்டினோட பத்துச் சுற்றுப் போய்ப் புள்ளியில வெண்டார். ஐந்தாம் சுற்றில ஒரு அடியில அவருக்குக் கால் தள்ளாடினது. அந்தச் சண்டையைக் கவனமாப் பார்த்திருந்தால் கேள்வி அங்கயே எழும்பியிருக்கும். ஆனா "வெற்றி" எண்ட ஒரு சொல் அதை மூடிப்போட்டுது. 2024 ஓகஸ்ட் 3 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் மார்ட்டின் பக்கோலே எண்ட கொங்கோ நாட்டவர் முதலாம் சுற்றிலேயே அப்பர்கட் ஒண்டால அண்டர்சனை விழுத்தினார், ஐந்தாம் சுற்றில முடிச்சுவிட்டார்.

உடனே எல்லாரும் மறுபக்கம் ஓடிச்சினம். "அண்டர்சன் வெறும் காத்துப் பை, பக்கோலேதான் உண்மையான ஆள்." பக்கோலேக்கு என்ன நடந்தது? 2025 பெப்ரவரியில், டானியல் டுபுவா சுகமில்லாமல் விலக, இரண்டு நாள் அறிவித்தலில ரியாத்துக்குப் பறந்து வந்து, ஜோசப் பார்க்கரிடம் இரண்டாம் சுற்றில தோற்றார். ஏழு மாதத்துக்குள்ள "உண்மையான ஆளும்" விழுந்தாச்சு.

எங்கட பார்வையில அண்டர்சன் முடிஞ்ச ஆள் இல்லை. 2025 இல் திரும்பி வந்து பத்துச் சுற்று ஆடி வெண்டிருக்கிறார். 2025 ஓகஸ்டில வயது 25 தான். அவரை ஒரு இரவில தூக்கினவையும் இன்னொரு இரவில போட்டு மிதிச்சவையும் ஒரே ஆக்கள்தான்.

டொரெஸ்: தூக்கிக்கொண்டு போன ஆள் திரும்பி வந்தார்

எங்களுக்கு மிகவும் பிடிச்ச கதை இது. ரிச்சர்ட் டொரெஸ், கலிபோர்னியாவின் துலாரே எண்ட விவசாய ஊரைச் சேர்ந்தவர். தகப்பன்தான் பயிற்றுவிப்பாளர். 2019 உலக அமெச்சூர் போட்டியில், ரஷ்யாவின் யெகாத்தெரின்பேர்க்கில், உஸ்பெக்கிஸ்தானின் பகோதிர் ஜலோலோவிடம் முதலாம் சுற்றில ஒரு அடி. டொரெஸ் நினைவில்லாமல் விழுந்தார். படுக்கையில வைச்சுத்தான் தூக்கிக்கொண்டு போனவை. அப்ப அவருக்கு 20 வயது. ஜலோலோவ் அதுக்கு முதலே தொழில்முறையிலயும் சண்டை பிடிச்சவர் எண்டதால அது நீதியான மோதலோ எண்டும் கேள்வி வந்தது.

அந்தக் காணொளி உலகம் முழுக்க ஓடினது. ஒரு பெடியன்ர கதை அதோட சரி எண்டுதான் கன பேர் நினைச்சிருப்பினம்.

இரண்டு வருசம் கழிச்சு, 2021 ஓகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டி. அதே ஜலோலோவ், அதே டொரெஸ். இந்த முறை மூண்டு சுற்றும் முன்னுக்கு வந்துகொண்டே சண்டை பிடிச்சார். ஐந்து நடுவரும் ஜலோலோவுக்குத்தான் வெற்றியைக் குடுத்தவை. டொரெஸுக்கு வெள்ளி. 1988 இல் ரிடிக் போவுக்குப் பிறகு அந்தப் பிரிவில ஒரு அமெரிக்கருக்குக் கிடைச்ச முதல் வெள்ளி அது. 2025 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் இத்தாலியரான குய்டோ வியனெல்லோவோட பத்துச் சுற்றுப் போய் ஒருமனதான தீர்ப்பில வெண்டார்.

டொரெஸுக்குக் குறை இல்லையோ? இருக்கு. ஹெவிவெயிட்டுக்கு உயரம் கொஞ்சம் குறைவு, உள்ளுக்குப் போகேக்க தேவையில்லாமல் அடி வாங்குறார். ஆனால் எங்கட மூண்டாவது கேள்விக்கு, அடி வாங்கின பிறகு என்ன செய்வார் எண்ட கேள்விக்கு, இந்தத் தலைமுறையில இவரை விடத் தெளிவாப் பதில் சொன்ன ஆள் இல்லை. இட்டாவ்மாவைப் பற்றி எங்களுக்கு ஊகம் மட்டும்தான். டொரெஸைப் பற்றி எங்களிட்ட சாட்சி இருக்கு.

டுபுவாவும் ஓரியும்

லண்டன்காரர் டானியல் டுபுவாவை இப்ப "வளர்ந்து வர்ற வீரர்" எண்டு சொல்ல ஏலாது. ஆனா இந்த விவாதத்துக்கு அவர் வேணும். 2020 நவம்பரில் ஜோ ஜொய்ஸுடன் சண்டை பிடிக்கேக்க அவருக்குக் கண்குழி எலும்பு உடைஞ்சுது. பத்தாம் சுற்றில முழங்காலில இருந்து எண்ணி முடிக்க விட்டார். "பயந்து விட்டிட்டான்" எண்டு முன்னாள் வீரர்களே திட்டினவை. பார்வை போகக்கூடிய காயம் அது. கதிரையில இருந்து திட்டுறது லேசு.

2023 இல் ஒலெக்சாண்டர் உசிக்கிடமும் தோற்றார். பிறகு மூண்டு வெற்றி தொடர்ந்து வந்தது. மூண்டாவது, 2024 செப்டெம்பர் 21 இல் வெம்பிளி நிறைஞ்ச சனத்துக்கு முன்னால அந்தோனி ஜோஷுவாவை ஐந்தாம் சுற்றில விழுத்தினது. 2025 யூலையில் உசிக் திரும்பவும் அவரை வெண்டார், அது வேற கதை. 2020 இல் "முடிஞ்சுது" எண்டு தீர்ப்பெழுதினவை நாலு வருசத்துக்குப் பிறகு உலகச் சம்பியன் ஒருத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தவை. இதில டுபுவாவின்ர மனவலிமை பாதி. மற்றப் பாதி, தோற்ற பிறகும் அவருக்குச் சண்டை ஒழுங்கு செய்து குடுக்க ஆக்கள் இருந்தது.

டெலிசியஸ் ஓரி இன்னொரு மாதிரி. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் தங்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் சண்டையிலேயே தோல்வி. 2025 ஏப்ரலில் முதல் தொழில்முறைச் சண்டை, வெற்றி. மே மாதமே ஓய்வு அறிவிச்சார். முந்தின மாதிரி உந்துதல் இல்லை எண்டார், அவ்வளவுதான். பல்கலைக்கழகப் பட்டம் கையில இருந்தது. தலையில அடி வாங்குறது தொழிலா இருக்கிற ஒரு விளையாட்டில, மனம் விட்ட பிறகும் ஆக்களுக்காக நிண்டு பிடிக்கிறது வீரம் இல்லை. ஓரி செய்தது சரி எண்டுதான் நாங்கள் சொல்லுவம். "நம்பிக்கை நட்சத்திரம்" எண்டு நாங்கள் பேர் வைச்சதுக்காக ஒருத்தர் தன்ர மூளையைக் குடுக்கத் தேவையில்லை.

இருபது வயது எண்டால் என்ன வயது?

ஹெவிவெயிட்டில வயதுக் கணக்கே வேற. உசிக் இந்தப் பிரிவுக்குள்ள வந்தது 2019 இல், 32 வயதில. நாலு பட்டமும் சேர்த்து மறுக்க முடியாத சம்பியனானது 2024 மே மாதம், 37 வயதில. டியொன்டே வைல்டர் குத்துச்சண்டை தொடங்கினதே 20 வயதில. ஜோஷுவா 18 வயதில தொடங்கி, 2012 இல் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். ஜோர்ஜ் ஃபோர்மன் 1994 இல் திரும்பவும் சம்பியனாகேக்க அவருக்கு 45.

இதை வாசிக்கிற உங்களில கன பேருக்கு இருபதைச் சுத்தித்தான் வயது. சாதாரண தரம், உயர்தரம் எண்டு இரண்டு சோதினையை வைச்சு, 19 வயதில ஆளை எழுதி முடிக்கிற இடத்தில இருக்கிறம். அதால டைசன்ர வயதுக் கணக்கு எங்களுக்கு உடன விளங்குது, உசிக்கின்ர கணக்கு விளங்க நேரம் எடுக்குது.

இனி எங்கட பக்கம்

இட்டாவ்மா பிறந்தது 2004 டிசம்பர் 28, ஸ்லோவாக்கியாவில். முல்லைத்தீவுக் கரையைக் கடல் அடிச்சுக்கொண்டு போய் இரண்டாம் நாள். அந்தக் கிழமை வன்னியில பிறந்த பிள்ளையளுக்கு நாலு வயதில முள்ளிவாய்க்கால். அதுக்குப் பிறகு பலருக்குச் செட்டிகுளம் முகாம், பிறகு தறப்பாள் கொட்டில், பிறகு கூரை பாதி இல்லாத பள்ளிக்கூடம்.

அதில ஒருத்தர் ஹெவிவெயிட் சம்பியனாகியிருப்பார் எண்டு சொல்ல வரேல்லை. 90 கிலோக்காரர் எங்களுக்குள்ள அரிது. இந்தத் தீவு குத்துச்சண்டையில தலை நிமிர்ந்த இடமெல்லாம் சின்ன எடைகள்தான்: 1938 சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் எடுத்த தங்கம் ஃபெதர்வெயிட்டில். 2010 டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி எடுத்த தங்கம் பாண்டம்வெயிட்டில், அதுவும் ஊக்கமருந்துச் சோதனையால பறிபோனது. நாங்கள் சொல்ல வர்றது, "திறமை" எண்டு ஒரு சொல்லில நாங்கள் கடந்து போறதுக்குள்ள பத்து வருசத்துச் சாப்பாடும், நித்திரையும், பயமில்லாத வீடும், பின்னேரத்தில திறந்திருக்கிற ஒரு மண்டபமும் இருக்கு எண்டதைத்தான்.

அப்பிடி இருந்தும் இங்க பிள்ளையள் வருகினம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு மூண்டு மாவட்டத்திலயும் குத்துச்சண்டை, கிக் பொக்சிங், வூஷூ பழகிறவை இருக்கினம். 2022 ஜனவரியில் முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி பாகிஸ்தானின் லாகூரில் கிக் பொக்சிங்கில் தங்கம் எடுத்தார். செய்தியில பாதிப் பேர் அதைக் "குத்துச்சண்டை" எண்டே எழுதிச்சினம். என்ன விளையாட்டு எண்டு கூடப் பார்க்க நேரமில்லை, ஆனா வாழ்த்துப் பதிவு போட நேரமிருந்தது.

நாங்கள் பிள்ளையளை மதிப்பிடுற விதம் இதுதான். பதக்கத்தோட வந்தால் பொன்னாடை, மாலை, படம். "வன்னி மண்ணின் வருங்காலம்" எண்டு ஒரு பதாகை. அடுத்த போட்டியில முதல் சுற்றோட வெளியேறினால் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் கதைக்கிறதில்லை. பொன்னாடையைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்ய ஏலாது. கிளவுஸ் வேணும், பல்லுக்காப்பு வேணும், முட்டையும் பருப்பும் வேணும், பஸ் காசு வேணும்.

பெரிய வழியும் லேசானதில்லை. பாடசாலை மட்டத்தில ஸ்டப்ஸ் கேடயம் மாதிரி நூறு வருசம் கடந்த போட்டிகள் இருந்தாலும், அதில பேர் எடுத்த பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கொழும்பு, கண்டி, தெற்குப் பக்கம்தான். பள்ளிக்கூடம் முடிய, இந்த நாட்டில குத்துச்சண்டையில நிலைச்சு நிக்கிற ஆக்கள் பெரும்பாலும் முப்படைக் கழகங்களிலும் பொலிஸ் கழகத்திலும்தான் இருக்கினம். சம்பளம், சாப்பாடு, பயிற்றுவிப்பாளர் எல்லாம் அங்கதான். வன்னியில ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வாசல் என்ன மாதிரித் தெரியும் எண்டு நாங்கள் விளக்கத் தேவையில்லை. உள்ளுக்குப் போற பிள்ளையையும் நாங்கள் குறை சொல்லேல்லை. வேற வாசல் ஒண்டு வேணும் எண்டுதான் சொல்லுறம்.

படையில இருந்தாலும் பிற்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை எண்டதுக்குப் பக்கத்திலயே ஒரு ஹெவிவெயிட் உதாரணம் இருக்கு. இந்திய இராணுவ வீரர் கவுர் சிங் 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் எடுத்தவர். 1980 இல் டெல்லியில் முகமது அலியோடயே காட்சிச் சண்டை ஆடினவர். வயது போன காலத்தில வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்கி நிக்கிறார் எண்டு செய்தி வந்த பிறகுதான் உதவிகள் தேடி வந்தது. 2023 இல் இறந்துபோனார்.

ஆகவே எங்கட கோரிக்கை சின்னது. சங்கங்களும், வெளிநாட்டில இருந்து காசு அனுப்புற பழைய மாணவர்களும் அடுத்த முறை ஒரு பிள்ளையைக் கௌரவிக்கேக்க விழாச் செலவில பாதியை ஒதுக்கி வையுங்கோ. அந்தப் பிள்ளை தோற்கிற நாளுக்கு. தோற்ற கிழமையும் மண்டபம் திறந்திருக்க வேணும், பயிற்றுவிப்பாளருக்குப் போக்குவரத்துக் காசு கிடைக்க வேணும். தலையில அடிபட்டால் ஒரு வைத்தியர் பார்த்து "இன்னும் ஒரு மாதம் றிங்குக்குள்ள போகக்கூடாது" எண்டு சொல்ல வேணும், அதைப் பெரியாக்கள் கேட்க வேணும். ஒரு பிள்ளைக்கு வருசத்தில ஒரு சண்டைதான் கிடைக்குதெண்டால் அந்த ஒண்டில தோற்றால் முடிஞ்சுது. ஆறு சண்டை கிடைச்சால் ஒண்டு இரண்டு தோல்வி பாடமாகும். மாவட்டங்களுக்கு இடையில நட்புப் போட்டி வைக்கப் பெரிய அமைச்சு ஒண்டும் தேவையில்லை. மூண்டு மாவட்டத்துக் கழகங்கள் இருந்து கதைச்சால் போதும்.

எங்கட வரிசை

2025 ஓகஸ்ட் வரைக்கும் நடந்ததை வைச்சு, இளம் ஹெவிவெயிட்காரரில எங்கட மூண்டு பேர்:

1. மோசஸ் இட்டாவ்மா. திறமையில இவருக்குக் கிட்ட யாரும் இல்லை. எட்டாம் சுற்றைப் பார்க்கும் வரைக்கும் "அடுத்த டைசன்" எண்ட பேரை நாங்கள் எழுத மாட்டம்.

2. ரிச்சர்ட் டொரெஸ். கடைசிச் சுற்றில, மூக்கால இரத்தம் வடிய, யாரை நம்பலாம் எண்டு கேட்டால் இவரைத்தான் சொல்லுவம்.

3. ஜாரெட் அண்டர்சன். சிரிக்கிறவை சிரிக்கலாம். 24 வயதில ஒரு தோல்வி ஒரு ஹெவிவெயிட்காரரை முடிக்காது. டுபுவாவைக் கேளுங்கோ.

ஜலோலோவை ஏன் விட்டனீங்கள் எண்டு கேட்பீங்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கம், பெரிய ஆள். ஆனா 2025 ஓகஸ்டில வயது 31, அவர் சம்பியன் ஆகலாம், "இளம் வீரர்" ஆக ஏலாது.

இந்த வரிசை ஆறு மாதத்தில மாறலாம். மாறினால் மாறட்டும். அடுத்த முறை இட்டாவ்மா ஒருத்தரை முதல் சுற்றில விழுத்தினாலும் அந்தத் துண்டைப் பகிருங்கோ, ரசியுங்கோ, நாங்களும் ரசிப்பம். ஆனா அவர் பத்துச் சுற்றுப் போய், முகம் வீங்கி, புள்ளியில வெல்லுற சண்டை ஒண்டு வந்தால் அதை மட்டும் முழுசா இருந்து பாருங்கோ. உங்கட ஊர் மண்டபத்தில போட்டி நடந்தாலும், வெண்ட பிள்ளையோட படம் எடுத்த பிறகு, மற்ற மூலையில தோற்றுப்போய்க் கைப்பட்டியை அவிழ்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையிட்டயும் போய் "அடுத்த போட்டி எப்ப?" எண்டு கேளுங்கோ.